விடைத்தாள்ல அப்படித்தான் இருக்கு!

இந்தியாவின் தேசிய விளையாட்டு எது? சட்டென்று சொல்லுங்கள். யோசிக்கக் கூடாது.

'ஹாக்கி' என்றுதானே சொன்னீர்கள்? நானும் பல வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். தப்பு. அப்படி அறிவிக்கப்பட்ட விளையாட்டு எதுவுமே நமக்குக் கிடையாது. 2012ல் ஒரு பள்ளிச் சிறுமி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டபோது, எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை என்று மத்திய விளையாட்டு அமைச்சகமே பதில் கொடுத்துவிட்டது.

எதற்கு இந்தக் கதை என்கிறீர்களா? போன மாதம் நண்பர் ஒருவரின் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆண்டு விழா. கோலப்போட்டி, மியூசிக்கல் சேர் எல்லாம் முடிந்து, குழந்தைகளுக்கு க்விஸ். மைக்கைப் பிடித்திருந்தவர் கையில் கேள்வியும் பதிலும் அச்சடித்த நாலு பக்கத் தாள். மேற்படி கேள்வியைக் கேட்டார். பட்டுப்பாவாடை கட்டிய ஒரு பெண், பத்து வயசு இருக்கும், எழுந்து, "அப்படி எதுவும் கிடையாது அங்கிள்" என்றாள்.

கூட்டத்தில் சிரிப்பு. அவர் தாளைப் பார்த்தார். "ஹாக்கின்னு இருக்கேம்மா... நெக்ஸ்ட்!"

அடுத்த பையன் 'ஹாக்கி' என்றான். பத்து மார்க். கடைசியில் டிபன் பாக்ஸும் அவனுக்கே. அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு வந்த எந்தக் கேள்விக்கும் அவள் கை தூக்கவில்லை.

முன்வரிசையில் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்த சிறப்பு விருந்தினர் என்ன செய்தார் என்று கேளுங்கள். ஒன்றும் செய்யவில்லை. விழா நேரத்தில் எதற்கு வம்பு என்று வாயை மூடிக்கொண்டிருந்தார். அந்த சிறப்பு விருந்தினர் நான்தான். இந்த வாரக் கட்டுரை அதற்கான பரிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு க்விஸ் மேல் எந்தக் கோபமும் இல்லை. உபயோகமில்லாத விஷயங்களைத் தெரிந்து வைத்திருப்பதில் ஒரு தனி சுகம் இருக்கிறது. அதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். அங்கே பப் என்றால் நம்ம ஊர் டாஸ்மாக் மாதிரி இல்லை. தெருக்காரர்கள் கூடிப் பேசுகிற இடம், சாப்பாடும் கிடைக்கும். வாரநாள் ராத்திரிகளில் கூட்டம் வராமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்த பப்களுக்கு ஆள் சேர்க்க, 1976ல் ஷாரன் பர்ன்ஸ், டாம் போர்ட்டர் என்ற இருவர் க்விஸ் நடத்த ஆரம்பித்தார்கள். தெற்கு இங்கிலாந்தில் 32 அணிகளோடு தொடங்கியது ஊரெல்லாம் பரவியது.

சும்மா ஒரு ராத்திரி விளையாடிவிட்டுப் போவது ஒரு வகை. இன்னொரு வகை, லீக். கிரிக்கெட், கால்பந்து மாதிரியே புள்ளிப் பட்டியல் உண்டு. ஒரு வாரம் எங்க பப்புல, அடுத்த வாரம் உங்க பப்புல. பக்கத்துக்கு நாலு பேர். தபால்காரரும் ரிட்டையர்டு வாத்தியாரும் பிளம்பரும் ஒரே அணியில் இருப்பார்கள். ஒருத்தருக்குக் கால்பந்து, ஒருத்தருக்கு ராஜா ராணி கதை, இன்னொருத்தருக்குப் பழைய பாட்டு. எதிராளிக்குத் தெரியாவிட்டால் கேள்வி நம்ம பக்கம் வரும், சரியாகச் சொன்னால் போனஸ். ஒரு கேள்வியில் குழப்பம் என்றால் உபரிக் கேள்விகள் தயாராக இருக்கும். ஆட்டம் முடிந்ததும் ஸாண்ட்விச். 'க்விஸ் மாஸ்டர் தீர்ப்பே இறுதியானது' என்ற சட்டம் அங்கேயும் உண்டு. ஆனால் அந்தத் தீர்ப்பு தப்பாக இருந்தால் என்ன போச்சு? ஒரு கிளாஸ் பீர் போச்சு. தோற்றவர் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் திட்டிக்கொண்டே போவார். அடுத்த வாரம் மறுபடி வருவார்.

நாம் என்ன செய்தோம்? இந்த விளையாட்டைத் தூக்கிக்கொண்டு வந்து 'பொது அறிவு' என்று பெயர் சூட்டிப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்துவிட்டோம். விளையாட்டு பரீட்சையாகிவிட்டது. பீருக்கு ஆடுகிற இடத்துச் சட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. மைக் வைத்திருப்பவர் சொன்னால் சொன்னதுதான்.

அந்தத் தாளில் இருப்பது எவ்வளவு நம்பகமானது தெரியுமா? சில உதாரணம் சொல்கிறேன்.

'க்விஸ்' என்ற வார்த்தை எப்படி வந்தது என்று ஒரு கதை உண்டு, நீங்களும் கேட்டிருப்பீர்கள். 1791ல் டப்ளின் நகரத்து நாடகக் கொட்டகை முதலாளி டேலி என்பவர், அர்த்தமே இல்லாத ஒரு வார்த்தையை ஒரே நாளில் ஊர் முழுக்கப் பேசவைக்கிறேன் என்று பந்தயம் கட்டி, சுவரெல்லாம் எழுதிவைத்தாராம். பிரமாதமான கதை. ஆனால் ஃபானி பர்னி என்ற எழுத்தாளர் 1782லேயே தன் நாட்குறிப்பில் அந்த வார்த்தையை எழுதிவிட்டார். க்விஸ் என்ற பெயருக்குச் சொல்லப்படுகிற கதையே டூப்பு!

அடுத்தது, விண்வெளியிலிருந்து வெறும் கண்ணுக்குத் தெரியும் சீனப் பெருஞ்சுவர். நிலாவிலிருந்தே தெரியும் என்று 1932லேயே ரிப்ளி படம் போட்டுவிட்டார். மனிதன் முதன்முதலாக விண்வெளிக்குப் போனது 1961ல். யார் பார்த்துவிட்டு வந்து ரிப்ளியிடம் சொன்னார்களாம்? 2003ல் சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய் போய்விட்டு வந்தார். கேட்டார்கள். "தெரியவில்லை" என்றார், பாவம், சொந்த நாட்டுச் சுவரையே. கொஞ்சம் யோசித்தால் நமக்கே புரிந்திருக்கும். சுவர் ரொம்ப நீளம், சரி. ஆனால் அகலம் சில மீட்டர்தான். நிறமும் பக்கத்து மண்ணின் நிறம். அது தெரியுமென்றால் அதைவிட அகலமான நம்ம ஜி.எஸ்.டி. ரோடு ஏன் தெரியாது? இந்தக் கேள்வியைக் கேட்காமல் மூன்று தலைமுறை மனப்பாடம் பண்ணியிருக்கிறது.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது கொலம்போ விவகாரம். அமெரிக்க டி.வி.யில் கசங்கின மழைக்கோட்டோடு வந்து குற்றவாளிகளை மடக்கும் போலீஸ்காரர் கொலம்போ. நடித்தவர் பீட்டர் ஃபாக். அவருடைய முதல் பெயர் என்ன என்று தொடரில் யாரும் சொல்வதில்லை. ஃபிரெட் வொர்த் என்பவர் துணுக்குச் செய்திகளைத் தொகுத்து ஒரு கலைக்களஞ்சியம் போட்டார். யாராவது காப்பி அடித்தால் கண்டுபிடிக்க வேண்டுமே? வேண்டுமென்றே ஒரு பொய்யை உள்ளே வைத்தார். கொலம்போவின் முதல் பெயர் ஃபிலிப். அவ்வளவுதான். கொஞ்ச நாளில் உலகமெல்லாம் விற்ற 'ட்ரிவியல் பர்ஸ்யூட்' விளையாட்டு அட்டையில் அதே கேள்வி, அதே ஃபிலிப்! 1984ல் மனிதர் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். தோற்றுப்போனார். உண்மைத் தகவல்களுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, பல புத்தகங்களைப் பார்த்துத் தொகுப்பது குற்றமில்லை என்பது நீதிமன்றத்தின் நிலை. எப்படியிருக்கிறது பாருங்கள்! பொய்யைப் போட்டவர் தோற்றார், சரிபார்க்காமல் எடுத்தவர் ஜெயித்தார், நடுவில் எத்தனையோ பேர் ஃபிலிப் என்று சொல்லி பாயின்ட் வாங்கினார்கள்.

உண்மையான தகவல்கூடக் கெட்டுப்போகும், பால் பாக்கெட் மாதிரி. கிரகங்கள் ஒன்பது என்று படித்தோம். 2006ல் புளூட்டோவை நீக்கி எட்டாக்கிவிட்டார்கள். மாநிலங்கள் 28. தெலங்கானா வந்ததும் 2014ல் 29. 2019ல் ஜம்மு காஷ்மீர் யூனியன் பிரதேசங்களானதும் மறுபடி 28. பத்து வருஷம் தூங்கி எழுந்தவனுக்குக்கூட மார்க் கிடைக்கும்.

'தப்பான கேள்வி நாலு இருந்தால் திருத்திக்கொள்ளலாமே, இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?' என்று நீங்கள் கேட்கலாம். என் சண்டை தப்பான பதிலோடு இல்லை. பதில் எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கிறோமே, அதோடுதான். அந்தப் பெண் அன்றைக்கு ஹாக்கியைப் பற்றி ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. தனக்குத் தெரிந்தது சரியாகவே இருந்தாலும், தாளில் இருப்பதைச் சொல்வதுதான் பிழைக்கும் வழி என்று கற்றுக்கொண்டாள். பெரியவளானதும் தாளுக்குப் பதில் வாட்ஸ்அப் வரும். அதிலும் 'உங்களுக்குத் தெரியுமா?' என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், லட்சக்கணக்கான பேர் எழுதும் அரசுத் தேர்வுக்கே அந்தப் பணிவு இருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி. உத்தேச விடைகளை வெளியிட்டு, ஆட்சேபணை இருந்தால் ஆதாரத்தோடு சொல்லுங்கள் என்று அவகாசம் கொடுக்கிறது. அடுக்குமாடி ஆண்டு விழாவுக்கு அது இல்லை.

சரி, நல்ல கேள்வி எப்படி இருக்கும்? எவரெஸ்ட்டின் உயரம் என்ன என்பது செத்த கேள்வி. தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் தலைகீழாக நின்றாலும் வராது. செல்போன் ஒரு நொடியில் சொல்லும். அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 'எவரெஸ்ட்டின் உயரத்தைக் கணக்கிட உதவிய மாபெரும் நில அளவை, சென்னை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு குன்றருகே தொடங்கியது. எந்தக் குன்று?'

இப்போது உங்கள் மனசு விமான நிலையத்தைச் சுற்றி வருகிறது இல்லையா? பரங்கிமலை! 1802ல் வில்லியம் லாம்டன் அங்கிருந்து பெரும்பாக்கம் பக்கம் வரை சுமார் 12 கிலோமீட்டரை இரும்புச் சங்கிலி வைத்து அளந்தார். அந்த ஒரு கோட்டின் மேல் முக்கோணம் முக்கோணமாக அடுக்கிக்கொண்டே போனார்கள். இமயமலைக்குப் போய்ச் சேர ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று. ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி கணக்குப் போட்டார். 1856ல் அறிவித்த உயரம் 29,002 அடி. 2020ல் சீனாவும் நேபாளமும் செயற்கைக்கோள் உதவியோடு அளந்து சொன்னது 8848.86 மீட்டர். இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் 9 மீட்டர்தான்! இந்தக் கதை தெரிந்த பையனுக்கு அந்த எண் மறந்தாலும் பரவாயில்லை. அது எப்படி வந்தது என்று தெரியும். அடுத்த தடவை தாம்பரம் போகும்போது பரங்கிமலையை நிமிர்ந்து பார்ப்பான்.

ஆகவே மைக் பிடிக்கும் மகாஜனங்களுக்கு மூன்று விண்ணப்பங்கள். ஒன்று, ஒவ்வொரு கேள்வியையும் கேட்பதற்கு முன்னால் இரண்டு இடத்தில் சரிபாருங்கள். ஒரே தப்பைக் காப்பியடித்த இரண்டு புத்தகங்கள் இரண்டு இடமாகாது. இரண்டு, தாளுக்கு எதிராக ஒரு குழந்தை பதில் சொன்னால் 'நெக்ஸ்ட்' என்காதீர்கள். 'எங்கம்மா படிச்சே?' என்று கேளுங்கள். மூன்று, பப் லீக்காரர்களிடமிருந்து கற்றுக்கொண்டு நாலு உபரிக் கேள்வி கையில் வைத்திருங்கள். சந்தேகம் வந்தால் கேள்வியை ரத்து செய்யுங்கள், மானம் போய்விடாது.

விழா முடிந்து பார்சல் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது அந்தப் பெண் என்னிடம் வந்தாள்.

"அங்கிள், நான் சொன்னது கரெக்ட்தானே?"

"கரெக்ட்தாம்மா."

"அப்ப உங்களுக்கும் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"அப்புறம் ஏன் அங்கிள் நீங்க சொல்லலை?"

எனக்குப் பதில் வரவில்லை. சாதப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி வந்துவிட்டேன்.