பிள்ளை ஒண்ணு, பேரன்ட் ரெண்டு!

உங்க ஊரையே கம்ப்யூட்டர் கேமா செஞ்சு பார்க்க ஆசையா? சங்கரன்கோவில் பக்கத்து குருவிகுளத்தை எடுத்துக்குவோம். 'யூனிட்டி'யில் குருவிகுளம் ஒன்றியம் ஒரு பேரன்ட். பழகிப் பார்க்க, இளையரசனேந்தல் பகுதியின் 12 ஊராட்சிகளை மட்டும் அதுக்கு சைல்டா வைப்போம். ஊராட்சிக்குக் கீழே குக்கிராமங்கள், அதாவது பேரப்பிள்ளைகள்.

பிள்ளைகளைக் கூப்பிட மூணு வழி.

'கெட்சைல்டு' வரிசை எண்ணால் கூப்பிடும். எண் 0-வில் தொடங்கும். 12 பேரில் கடைசி ஆள் 11. 12-னு கேட்டா எரர்தான்!

'டிரான்ஸ்ஃபார்ம்.ஃபைண்ட்' பேர் சொல்லித் தேடும். ஆனா நேரடிப் பிள்ளைகளை மட்டும். பேரன் வேணும்னா ஊராட்சி, சாய்வுகோடு, குக்கிராமம்னு முழு விலாசம் தரணும்.

'கெட்கம்போனன்ட்ஸ்இன்சில்ட்ரன்' பேரப்பிள்ளைகள் வரை அள்ளிட்டு வரும். உஷார்! தேடுற கம்போனன்ட் பேரன்ட்கிட்டயும் இருந்தா, அதையும் சேர்த்துக்கும். பிள்ளைகளோட விளக்கை அணைக்கப் போய் பேரன்ட் விளக்கையும் அணைச்சிடாதீங்க!

இப்போ நிஜக் கதை. 2008-ல் இந்த 12 ஊராட்சிகள் சங்கரன்கோவில் தாலுகாவிலிருந்து தூத்துக்குடி மாவட்டம் கோவில்பட்டி தாலுகாவுக்கு மாறின. கேமிலும் மாத்துவோம். 0-விலிருந்து லூப் போட்டு ஒவ்வொண்ணா 'செட்பேரன்ட்' செஞ்சா, 6 மட்டும்தான் போகும்! 0 கிளம்பினதும் 1-ல் இருந்தவர் 0-வுக்கு வந்துடுவார். லூப்போ 1-க்குத் தாவிடும். அதனால 11-லிருந்து பின்னோக்கி வாங்க. 12-ம் போய்ச் சேரும்.

இன்னொரு சிக்கல். தாலுகாதான் கோவில்பட்டி, ஒன்றியம் அதுக்கப்புறமும் பல வருஷம் குருவிகுளமாவே இருந்துச்சு. பட்டா வேலைக்கு ஒரு திசை, ஊராட்சி வேலைக்கு இன்னொரு திசைன்னு ஜனங்க அலைய வேண்டியதாச்சு.

யூனிட்டியில் ஒரு சைல்டுக்கு ஒரே பேரன்ட்தான். கோவில்பட்டிக்கு மாத்திட்டா, குருவிகுளம் கூப்பிட்டாலும் வராது. அப்போ என்ன செய்யலாம்? குருவிகுளத்தோட ஸ்கிரிப்டில் தனியா ஒரு 'லிஸ்ட்' வெச்சு, அந்த 12 பேரையும் அதில் சேர்த்துடுங்க. பேரன்ட் மாறினாலும் லிஸ்ட் மாறாது.

கூடவே நகர வேண்டியதுக்கு பேரன்ட்; யாருக்கு யார்ங்கிற கணக்குக்கு லிஸ்ட். இதை முதல்லயே முடிவு பண்ணிட்டா, புராஜெக்ட் கடைசி ராத்திரியில் பிள்ளையைத் தேடி அலைய வேண்டாம்!