ஓட்டைவிட வேய்பவரே முதன்மை

கூரை அமைப்போர் பலர் ஓட்டின் விலையை முதலில் வினவுகின்றனர். வேய்பவரின் திறமையை இறுதியிலேயே எண்ணுகின்றனர். இவ்வரிசை மாற வேண்டும்.

1865-இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய ஆலையால் பெயர்பெற்ற ஓடு, மேற்குக் கரையின் கனமழைக்கும் ஈடுகொடுப்பது. தட்டினால் கணீரென ஒலிப்பது நன்கு வெந்த ஓடு. ஆயினும் சரிவு போதாவிடில் அதுவும் ஒழுகும். முகடு, இரு சரிவுகள் கூடும் பள்ளம், சுவரோடு கூரை சேருமிடம் ஆகியவற்றிலேயே நீர் பெரும்பாலும் புகுகிறது. இவை வேய்பவரின் கைத்திறனைச் சார்ந்தவை.

ஆகவே, அவர் வேய்ந்து இரு மழைக்காலம் கண்ட வீடொன்றை நேரில் பாருங்கள். பொருள், அளவு, உத்தரவாதம் ஆகியவற்றை எழுத்தில் பெறுங்கள். கூலியில் ஒரு பகுதியை முதல் பெருமழைக்குப் பின் தருவதாக முன்னரே உடன்பாடு செய்யுங்கள். கடன் தவணை முடியுமுன் கூரை ஒழுகலாகாது அன்றோ?