தீர்ப்பு வந்த பிறகும் பேட்ஜ் கேட்பதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டியை ஓட்ட எல்.எம்.வி. (இலகு ரக வாகன) உரிமமே போதும், உரிமத்தில் ‘டிரான்ஸ்போர்ட்’ என்ற தனிப் பதிவு, அதாவது பேட்ஜ், வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்துவிட்டது. குட்டியானை, தோஸ்த், பொலேரோ பிக்கப் போன்ற சிறு சரக்கு வண்டிகள் எல்லாம் முழுப் பாரம் ஏற்றினாலும் இந்த எடைக்கு வெகு கீழேதான். அப்படியிருந்தும் திருப்பூரில் வாகனத் தணிக்கையின்போது எங்கள் ஓட்டுநர்களிடம் பேட்ஜ் கேட்பது நிற்கவில்லை. இதை வன்மையாகக் கண்டிக்கிறேன்.

இது நேற்று முளைத்த விஷயமும் அல்ல. முகுந்த் தேவாங்கன் வழக்கில் 2017-லேயே மூன்று நீதிபதிகள் இதைத்தான் சொன்னார்கள். மறு ஆண்டு ஏப்ரலில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு அறிவுறுத்தலும் அனுப்பியது. காப்பீட்டு நிறுவனங்கள் விடாமல் வழக்காடியதால்தான் ஐந்து நீதிபதிகள் வரை போக வேண்டி வந்தது.

நான் வீரபாண்டியில் சிறிய அளவில் நிட்டிங் ஜாப் ஒர்க் செய்கிறேன். நிட்டிங்கிலிருந்து சாயப்பட்டறை, அங்கிருந்து காம்பாக்டிங், பிறகு கட்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று ஒரு பனியன் முடிவதற்குள் துணி எத்தனை முறை வண்டி ஏறி இறங்குகிறது! சென்ற மாதம் மங்கலம் ரோட்டில் எங்கள் வண்டியை நிறுத்தினார்கள். ஆர்.சி., எஃப்.சி., இன்சூரன்ஸ், டெலிவரி சலான் எல்லாம் சரியாக இருந்தன. உரிமத்தில் ‘டிரான்ஸ்போர்ட்’ என்று இல்லை, அதுதான் குற்றம். டிரைவர் தம்பி தீர்ப்புச் செய்தியைப் போனில் எடுத்துக் காட்டியதற்கு, “எங்களுக்கு ஆர்டர் எதுவும் வரலை” என்று பதில் வந்திருக்கிறது. அபராதம் கட்டி வண்டி கிளம்புவதற்குள் சாயப்பட்டறையில் எங்கள் லாட்டுக்கு ஒதுக்கிய மெஷினை வேறு துணிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அபராதத்தையாவது கட்டித் தொலைக்கலாம். விபத்து என்று வந்தால் நிலைமை வேறு. ‘முறையான உரிமம் இல்லை’ என்ற வாதம் எடுபட்டால், பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்த இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் வண்டி உரிமையாளரிடமே வசூலித்துவிடும். தவறாமல் பிரீமியம் கட்டியவர், தவணையில் வாங்கிய ஒரே வண்டியையும் விற்று நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதானா?

சாலைப் பாதுகாப்பு முக்கியம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எல்.எம்.வி. உரிமத்தோடு சரக்கு வண்டி ஓட்டுபவர்களால்தான் விபத்துகள் பெருகின்றன என்பதற்குத் தரவு எதையும் யாரும் காட்டவில்லை என்று நீதிபதி ஹ்ருஷிகேஷ் ராய் எழுதிய 2024 தீர்ப்பே சொல்கிறது. ஆபத்தான பொருள்களை ஏற்றும் வண்டிகளுக்குத் தனித் தகுதி வேண்டும் என்பதை அது நீக்கவும் இல்லை. சாயப்பட்டறைகளுக்குப் பெராக்சைடும் ஆசிட்டும் கொண்டுபோகும் வண்டிகளைத் தாராளமாகச் சோதியுங்கள். பின்கதவைத் திறந்து போட்டு, அளவுக்கு மீறித் துணி ரோல்களை அடுக்கி வரும் வண்டிகளை நிறுத்துங்கள். நாங்களே துணை நிற்கிறோம்.

போக்குவரத்து ஆணையர் இந்தத் தீர்ப்பைத் தமிழில் சுற்றறிக்கையாக்கி, திருப்பூர் வடக்கு, தெற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களில் ஒட்டச் செய்ய வேண்டும். தணிக்கைக்கு நிற்கும் காவலர்களின் கைக்கும் அது போய்ச் சேர வேண்டும். தீர்ப்புக்குப் பிறகு இந்தக் காரணத்துக்காக விதித்த அபராதங்களைத் திருப்பித் தர வேண்டும். உரிமத்தைக் காரணம் காட்டி இன்னும் நடத்திவரும் வழக்குகளைக் காப்பீட்டு நிறுவனங்கள் உடனே கைவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு நிட்டிங் ஜாப் ஒர்க் உரிமையாளர்,
வீரபாண்டி, திருப்பூர்.