கணினிக்கு ஒரு பெயர் வையுங்கள்

கடையிலிருந்து வந்த விண்டோஸ் கணினி, 'டெஸ்க்டாப்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஏழு எழுத்தும் எண்ணும் கலந்த கிறுக்கலைச் சேர்த்துத் தன் பெயராக வைத்துக்கொண்டிருக்கும். "ஓடுகிற கணினியை எதற்கு சார் நோண்ட வேண்டும்?" என்கிறார்கள் ஏனாத்தூரில் என் வயதுக்காரர்கள். நோண்டத்தான் வேண்டும் என்பது என் கட்சி.

வீட்டு வைஃபையில் இன்று மகனுடைய மடிக்கணினி, பேத்தியின் போன், டிவி, பிரிண்டர் என்று ஆறேழு கருவிகள். மோடத்தின் பக்கத்தைத் திறந்தால் இவற்றின் பட்டியல் தெரியும். எல்லாமே கிறுக்கலாக இருந்தால், கடவுச்சொல்லைத் தெரிந்துகொண்டு வெளியாள் ஒருவர் நுழைந்திருந்தாலும் நமக்கு எப்படித் தெரியும்? நம்முடையவற்றுக்கெல்லாம் பெயர் இருந்தால் அந்நியக் கருவி கண்ணில் படும். தெருவில் இரண்டு முருகேசன் இருந்தால் 'மாடிவீட்டு முருகேசன்' என்று பிரித்துச் சொல்கிறவர்கள்தானே நாம்?

அதற்காக உங்கள் சொந்தப் பெயரையும் பிறந்த ஆண்டையும் வைத்துவிடாதீர்கள். பொது வைஃபையில் இணையும்போது அது அடுத்தவர் திரையிலும் தெரியலாம். கூடம், மாடி, கணக்கு என்று இடத்தையோ வேலையையோ வைத்தால் போதும். ஒரே பெயரை இரண்டு கருவிக்கு வைக்கக் கூடாது.

தமிழ் எழுத்தில் வைக்க முடியாது என்பதில் எனக்கும் வருத்தம்தான். ஆங்கில எழுத்து, எண், நடுவில் சிறுகோடு மட்டும் என்பது 1985லேயே எழுதப்பட்ட இணைய விதி. விண்டோஸின் பழைய முறையில் 15 எழுத்துதான் உச்சவரம்பு. இணைய முகவரியின் கடைசியில் .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று தமிழ் ஏறிவிட்டது. அங்கும் உள்ளுக்குள் ஆங்கில எழுத்தாக மாறித்தான் போகிறது. இதைச் சாக்காகச் சொல்லிப் பெயரே வைக்காமல் விடலாமா? ஏனாத்தூரை ஆங்கிலத்தில் எழுதினால் ஏழே எழுத்து!

விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போய் 'ரீநேம்' பொத்தானை அழுத்துங்கள். பெயரை அடித்து, கணினியை ஒருமுறை 'ரீஸ்டார்ட்' செய்யுங்கள். லினக்ஸ்காரர்கள் டெர்மினலில் 'சூடோ ஹோஸ்ட்நேம்சிடிஎல் செட்-ஹோஸ்ட்நேம்' என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டுப் பெயரைச் சேர்த்தால் முடிந்தது.

கோப்புகள் அழிந்துவிடும் என்று பயமுறுத்துவார்கள். நம்பாதீர்கள், ஒன்றும் அழியாது. அந்தக் கணினி வழியாகப் பிரிண்டரைப் பகிர்ந்திருந்தால் மட்டும் மற்ற கணினிகளில் புதுப் பெயரில் மறுபடி இணைக்க வேண்டும். அது ஒருமுறை வேலை.

இன்று மாலை காபி குடித்த கையோடு செய்துவிடுங்கள். பெயர் தோன்றவில்லை என்றால் பேரப்பிள்ளைகளைக் கேளுங்கள். தயாராக நாலு வைத்திருப்பார்கள்.