போன் கம்பெனி பாடம் நடத்திய கதை



போன வாரம் எங்கள் கல்லூரியில் ஒரு செல்போன் கம்பெனியின் விழா. ஐந்து மாணவர்களுக்கு உதவித்தொகை, ஆளுயரக் காசோலையோடு போட்டோ, "கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் துணை நிற்போம்" என்று ஒரு பேனர். பணம் கிடைத்தவர்களில் என் நண்பனும் ஒருவன். அவனுக்கு அது பெரிய உதவி, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு தொலைபேசி கம்பெனியால் கல்விக்குச் செய்ய முடிந்தது இவ்வளவுதானா?

அன்று சாயங்காலம் லேபில் சி மொழியில் புரோகிராம் அடித்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. இந்த சி மொழியே ஒரு தொலைபேசி கம்பெனி கொடுத்ததுதானே!

அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. கம்பெனி 1925-இல் தொடங்கியது பெல் ஆய்வகம். 1947-இல் டிரான்சிஸ்டர், 1948-இல் ஷானனின் தகவல் கோட்பாடு, 1954-இல் சிலிக்கான் சூரிய மின்கலம், 1969-இல் யுனிக்ஸ், பிறகு டென்னிஸ் ரிட்சியின் சி மொழி... எல்லாம் அங்கே பிறந்தவை. பென்சியாஸ், வில்சன் என்ற இருவர் ஒரு ஆன்டெனாவில் விடாமல் கேட்ட இரைச்சலுக்குப் புறா எச்சம்தான் காரணமோ என்று சுத்தம் செய்து பார்த்தார்கள். இரைச்சல் போகவில்லை. அது பிரபஞ்சம் தோன்றிய காலத்தின் மிச்சக் கதிர்வீச்சு! 1978-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கம்பெனிக்கு அவ்வளவு தாராள மனசா? அப்படியும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் பெரும்பாலான போன்கள் அதன் கையில் இருந்தன. வீட்டில் இருக்கும் போன் கருவிக்குக்கூட மாத வாடகை கட்ட வேண்டும். வருமானம் நிச்சயம் என்பதால் பத்து இருபது வருடம் பொறுத்திருக்க முடிந்தது. தேவையும் இருந்தது. வால்வுகள் சூடாகி, மின்சாரத்தைத் தின்று, அடிக்கடி கெட்டுப்போயின. அதற்கு மாற்று தேடியதில் வந்ததுதான் டிரான்சிஸ்டர்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். ஏகபோகத்தை எதிர்த்து அரசாங்கம் போட்ட வழக்கு 1956-இல் சமரசத்தில் முடிந்தது. அதுவரை வாங்கியிருந்த காப்புரிமைகளை மற்றவர்களுக்கு இலவசமாகத் திறந்துவிட வேண்டும், தொலைத்தொடர்பு தவிர வேறு வியாபாரத்தில் இறங்கக் கூடாது என்று நிபந்தனை. அதனால் யுனிக்ஸை வியாபாரமாக விற்க வழியில்லை. பல்கலைக்கழகங்களுக்கு மூல நிரலோடு சொற்பக் கட்டணத்தில் கொடுத்தார்கள். பெர்க்லி மாணவர்கள் அதைப் படித்தார்கள், பிரித்துப் பார்த்தார்கள், திருத்தினார்கள். ஒரு தலைமுறையே இயங்குதளம் என்றால் என்னவென்று அதில்தான் கற்றுக்கொண்டது. அந்தக் கம்பெனி கல்விக்குச் செய்த மிகப் பெரிய உதவி, சட்டம் அதன் கையைக் கட்டியதால் நடந்தது!

ஏகபோகம் நல்லது என்று சொல்ல வரவில்லை. அதன் செலவை மக்கள்தான் போன் பில்லில் கட்டினார்கள். 1984-இல் ஏ.டி. அண்ட் டி. உடைக்கப்பட்டது. ஆய்வகம் 1996-இல் லூசென்ட், 2006-இல் அல்காடெல்-லூசென்ட், 2016-இல் நோக்கியா என்று கை மாறியது. இன்றும் இயங்குகிறது, ஆனால் அந்தப் பழைய வீச்சு இல்லை.

நம் ஊருக்கு வருவோம். அலைக்கற்றை பொதுச்சொத்து. கம்பெனிகள் தங்கள் சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில் 5 சதவீதத்தை ஒரு பொது நிதிக்குக் கட்டுகின்றன. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் அதற்கு 'டிஜிட்டல் பாரத் நிதி' என்று பெயர் மாற்றி, ஆராய்ச்சிக்கும் செலவிட வழி செய்திருக்கிறது. என் கருத்து இதுதான்: அந்தப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியின் முடிவும் மூல நிரலும், எந்தக் கல்லூரி மாணவனும் எடுத்துப் படிக்கும்படி திறந்திருக்க வேண்டும். அதை உரிமத்திலேயே நிபந்தனையாக எழுத வேண்டும்.

உதவித்தொகை ஐந்து பேரைப் படிக்க வைக்கும். திறந்து வைத்த ஒரு நிரல், கொடுத்தவர்கள் பெயரே தெரியாத என்னைப் போன்றவர்களையும் படிக்க வைக்கும். அடுத்த முறை மேடையில் காசோலை கொடுக்க வருகிறவர்களிடம், "எங்களுக்கு எதைத் திறந்து காட்டப் போகிறீர்கள்?" என்று எழுந்து கேட்கலாம் என்றிருக்கிறேன். கூட யார் எழுந்திருப்பீர்கள்?