வெப்சைட் யார் பெயரில் இருக்க வேண்டும்?

“ஏலகிரி மலையில் பலா, கொய்யா மரங்களும் தேன் பெட்டிகளும் வைத்திருக்கிறோம். சுற்றுலா வருபவர்கள் தங்க இரண்டு அறைகளும் உண்டு. வெப்சைட் செய்து தருவதாக ஓர் இளைஞர் சொல்கிறார். வேலையை அவரிடம் கொடுக்கலாமா? எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?”

- வாசகி, ஏலகிரி, திருப்பத்தூர் மாவட்டம்.

தாராளமாகக் கொடுக்கலாம். அதற்கு முன் செலவில்லாத இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். கூகுள் மேப்பில் உங்கள் தோட்டத்தையும் அறைகளையும் பதிவு செய்யுங்கள். வாட்ஸ்அப் பிசினஸில் பொருள்களின் படத்தையும் விலையையும் ஏற்றுங்கள். இரண்டும் இலவசம். மாதம் சில பாட்டில் தேன் மட்டும் விற்பவர்களுக்கு இதுவே போதும். வெளியூர் ஆர்டரும் அறை விசாரணையும் கூடும்போது வெப்சைட் உதவும்.

ஒரு வெப்சைட்டில் மூன்று பகுதிகள் உண்டு. டொமைன் என்பது பெயர். ஹோஸ்டிங் என்பது தளம் இருக்கும் வாடகை இடம். அதன்மேல் எழுப்பும் கட்டடம்தான் வடிவமைப்பு. கட்டடத்தை இடித்துக் கட்டலாம், வாடகை இடத்தையும் மாற்றலாம். பெயர் மட்டும் நிலத்தின் பட்டா மாதிரி. அது உங்கள் பெயரில்தான் இருக்க வேண்டும்.

பலர் ஏமாறுவது இங்கேதான். வேலை சுலபமாக முடியட்டும் என்று வடிவமைப்பாளர் தன் இமெயில், தன் போன் நம்பர் கொடுத்தே டொமைனைப் பதிவு செய்துவிடுவார். பிறகு அவர் வேலை கிடைத்து பெங்களூரு போய்விடலாம். டொமைனுக்குக் காலக்கெடு முடிவதற்குள் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். அந்த நினைவூட்டல் அவருடைய இமெயிலுக்குத்தான் போகும். பணம் கட்டாமல் விட்டால், கொஞ்ச காலத்தில் அந்தப் பெயரை வேறு யாரும் வாங்கிவிடலாம். தேன் பாட்டில் லேபிளில் அச்சடித்த முகவரி வீணாகிவிடும்.

ஆம்பூரில் தைக்கும் ஷூக்கள் பல வெளிநாட்டு கம்பெனிகளின் பெயரில் விற்பனையாகின்றன. தைப்பவருக்குக் கூலி, பெயர் கம்பெனிக்கு. வெப்சைட்டிலும் அப்படித்தான். வடிவமைப்பாளருக்குக் கூலி, பெயர் உங்களுக்கு.

பெயர் தகராறு நீதிமன்றம் வரை போனதும் உண்டு. தன் பெயரைப் போலவே இன்னொரு நிறுவனம் டொமைன் வைத்ததை எதிர்த்து, சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே வழக்குத் தொடுத்தது. டொமைன் பெயருக்கும் வணிகப் பெயரைப் போலப் பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2004-ல் தீர்ப்பளித்தது. ஆனால், சிறு விவசாயிக்கு அவ்வளவு தூரம் வழக்கு நடத்துவது கட்டுப்படியாகாது. பதிவின்போதே விழிப்பாக இருப்பதுதான் மலிவு.

ஆகவே, பதிவு செய்யும்போது பக்கத்திலேயே உட்காருங்கள். உங்கள் இமெயிலைக் கொடுத்து, ஓ.டி.பி. உங்கள் போனுக்கே வரும்படி செய்யுங்கள். ரசீதும் உங்கள் பெயரில் இருக்கட்டும். ‘டாட் இன்’ பெயர்களைத் தேசிய இணையப் பரிமாற்ற நிறுவனமான நிக்சி நிர்வகிக்கிறது. தமிழ் எழுத்திலேயே ‘.இந்தியா’ என்று முடியும் பெயரும் வாங்கலாம்.

வேலை தொடங்கும் முன், கீழ்க்கண்டவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்:

* எத்தனை பக்கங்கள், எந்தத் தேதிக்குள் முடியும்?
* முதல் ஆண்டுச் செலவு எவ்வளவு? அடுத்த ஆண்டு முதல் எவ்வளவு? முதல் ஆண்டு சலுகை விலையாக இருக்கலாம்.
* பழுது வந்தால் யார் பார்ப்பார், கட்டணம் என்ன?
* டொமைன், ஹோஸ்டிங், வெப்சைட் மூன்றின் பாஸ்வேர்டுகளும் உங்கள் கைக்கு எப்போது வரும்?

பணத்தை மூன்று தவணையாகக் கொடுங்கள்: முன்பணம், மாதிரி காட்டியதும் ஒரு பகுதி, பாஸ்வேர்டுகள் கைக்கு வந்ததும் மீதி.

தமிழ் வாசகங்களைப் படமாக ஒட்டாமல் யூனிகோடில் டைப் செய்யச் சொல்லுங்கள். அப்போதுதான் தேடுபவர்களுக்கு எளிதில் கிடைக்கும். தளம் போனில் சீக்கிரம் திறக்க வேண்டும். தேன் விற்பதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு தேவை, அந்த எண்ணைத் தளத்தில் போடுங்கள். விற்பவரின் பெயர், முகவரி, குறை சொல்லத் தொடர்பு எண், பணம் திருப்பித் தரும் விதம் ஆகியவற்றையும் தெளிவாகக் காட்டுங்கள். இணைய விற்பனைக்கான 2020-ம் ஆண்டு விதிகள் வலியுறுத்துவதும் இதைத்தான்.

கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் ஒரு சோதனை. வடிவமைப்பாளர் உதவியில்லாமல், உங்கள் போனிலிருந்தே தளத்துக்குள் நுழைந்து பலாப்பழ விலையை மாற்றிப் பாருங்கள். மாறினால் பணத்தைக் கொடுத்துவிடலாம்.