வாடிவாசலில் சீர்வரிசை

தை பிறந்தால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாளும் தொலைக்காட்சியில் ஜல்லிக்கட்டு ஓடுகிறது. காளையைவிட ஒலிபெருக்கியைத்தான் நான் கவனித்துக் கேட்பேன். மாட்டைப் பிடித்தால் ஒரு கட்டில், ஒரு பீரோ, ஒரு அண்டா, ஒரு தங்கக்காசு. இப்போது முதல் பரிசாகக் காரும் தருகிறார்கள். இந்தப் பட்டியலை இதற்கு முன் எங்கே கேட்டிருக்கிறோம்? கல்யாண மண்டபத்தில்தான். பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளை வீட்டுக்கு இறக்கிவைக்கும் சீர்வரிசைதான் இது.

ஏறு தழுவியவனுக்கு ஒரு காலத்தில் பெண்ணைக் கொடுத்தார்கள் என்று படிக்கிறோம். இன்று பரிசு மேடையில் பெண் இல்லை, அவளோடு வரும் சாமான்கள் மட்டும் இருக்கின்றன. அவள் எங்கே போனாள் என்பதுதான் என் கேள்வி.

தமிழ் படித்த யாரும் இந்த இடத்தில் கலித்தொகையை எடுத்து வருவார்கள். சோழன் நல்லுருத்திரன் பாடிய முல்லைக்கலிப் பாடல்கள் பதினேழு. அவற்றில் பலவற்றில் ஏறு தழுவுதல் வருகிறது. கொம்பைக் கண்டு ஒதுங்குகிறவனை ஆயர்மகள் விரும்பமாட்டாள் என்கிறார் புலவர். அக்காலத் தமிழ்ப்பெண் தன் கணவனைத் தானே தேர்ந்தாள் என்பதற்கு இதையே சான்றாக்கி மேடைதோறும் முழங்குகிறார்கள். பல ஆண்டுகளாக வகுப்பில் இதை நடத்துகிறேன். ஒருநாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “மேம், மாட்டைப் பிடிக்காத ஒருத்தனை அந்தப் பொண்ணுக்குப் பிடிச்சிருந்தா?”

வகுப்பே சிரித்தது. ஆனால் உரையாசிரியர்கள் கேட்காமல் விட்ட கேள்வி அது. மாட்டை அவிழ்த்துவிடுகிறது அவள் குடும்பம். அடக்கியவனுக்கே பெண் என்பது அவள் குலத்தின் வழக்கம். அவள் பரண்மேல் நின்று பார்க்கிறாள். யார் ஜெயித்தாலும் அவனை அவள் காதலிக்க வேண்டும். அதைத் தேர்வு என்று சொல்வதற்கு முன் நாம் கொஞ்சம் யோசிக்கலாம்.

மதுரையில் முதுகலை படித்தபோது, 2002 பொங்கலுக்கு, விடுதித் தோழியின் ஊரில் ஜல்லிக்கட்டு பார்த்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். தடுப்புக்கட்டை, மருத்துவப் பரிசோதனை என்று இன்றைக்கு இருக்கிற விதிகள் அன்று இல்லை. மாடு தெருவிலேயே ஓடியது. பேருந்து நிறுத்தத்திலிருந்து அவள் வீட்டுக்குப் போகும் கால்மணி நேர நடையில் எங்கள் இருவர் உடம்பிலும் பட்ட கைகளுக்குக் கணக்கில்லை. வீட்டை அடைந்ததும் மொட்டைமாடிக்கு ஏற்றிவிட்டார்கள். “பொம்பளப் புள்ளைக மேலயே இருங்க தாயி, கீழ எறங்கிராதீக” என்றார் தோழியின் அம்மா. பக்கத்து மாடிகளிலும் பெண்கள்தான். ஊரின் பாதி கூரைமேல், மீதிப் பாதி தெருவில்.

மாடு வந்த வேகத்தைப் பார்த்து ஒரு பையன் திண்ணைமேல் தாவினான். பதினேழு வயது இருக்கும். “போயி சேலையக் கட்டிக்கிட்டு வீட்ல உக்காருடா” என்று கூட்டம் கூச்சலிட்டது. அவமானம் தாங்காமல் அவன் மறுபடியும் கீழே குதித்தான். தோழியின் அண்ணனும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தான். அவள் அம்மா ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. மாடியின் மறுபக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஆட்டம் முடிந்து மகன் படியேறி வரும் சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினார்.

அந்தப் பையனைக் குதிக்கவைத்தது மாடு அல்ல, சேலை என்ற சொல். பயப்படுகிறவன் பொம்பளை, பொம்பளையாக இருப்பது கேவலம் என்ற பாடத்தை அந்தத் தெரு அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது. குடல் சரிந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் இந்தப் பாடத்துக்குப் பயந்தே களத்தில் நின்றிருப்பார்கள் என்பது என் எண்ணம். அவர்களுக்குப் பின்னால் ஆயுளுக்கும் பீ, மூத்திரம் அள்ளுகிறவளை எந்த ஒலிபெருக்கியும் வீரத்தாய் என்று அழைத்ததில்லை.

ஜல்லிக்கட்டைப் பற்றி இந்த நாடு நிறையவே விவாதித்துவிட்டது. 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி ஆர். பானுமதி தடை விதித்தார். 2009இல் தமிழக அரசு முறைப்படுத்தும் சட்டம் கொண்டுவந்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2017 ஜனவரியில் மெரினா நிரம்பியது, சட்டம் திருத்தப்பட்டது. 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தத்தை ஏற்றது. இத்தனை ஆண்டும் பேசியது இரண்டு தரப்புகள். ஒரு தரப்பு மாட்டின் வலியைப் பேசியது, மறு தரப்பு தமிழனின் மானத்தைப் பேசியது. கட்டுத்தரையில் சாணி அள்ளுகிறவளின் தரப்பு என்று ஒன்று எழவே இல்லை.

மெரினாவில் பெண்கள் இரவும் பகலும் இருந்தார்கள், ஒருவருக்கும் ஒரு குறையும் நேரவில்லை என்று இன்றும் பெருமை பேசுகிறோம். அதே மாதத்தில் பீட்டாவை ஆதரித்தார் என்று ஒரு நடிகை இறந்துவிட்டதாகக் கண்ணீர் அஞ்சலிப் படம் செய்து பரப்பியவர்களும் ‘தமிழர் வீரம்’ என்றே பேசினார்கள். ஜனவரி 23 அன்று போலீஸ் தடியடியில் ஓடிவந்தவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தது நடுக்குப்பத்து மீனவப் பெண்கள். அன்று அவர்களுடைய மீன்சந்தை எரிந்தது. போலீஸ்தான் கொளுத்தியது என்று அந்தப் பெண்கள் சாட்சி சொன்னார்கள். காளையின் படம் எல்லாச் சட்டைகளிலும் ஏறியது. எரிந்த மீன்கூடையின் படத்தை யார் அணிந்தார்கள்?

இதையெல்லாம் பேசினால் உடனே ஸ்பெயினைக் காட்டுவார்கள். “அங்கே மாட்டை வாளால் குத்திக் கொல்கிறார்கள், நாம் தழுவுகிறோம்” என்பார்கள். அந்த வேறுபாட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் பெண் விஷயத்தில் இரண்டு களங்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பாருங்கள். ஸ்பெயினில் 1908இல் அரசாணை போட்டுப் பெண்கள் தரையில் நின்று காளையோடு மோதத் தடை விதித்தார்கள். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1974இல்தான் அது நீங்கியது. கிறிஸ்தினா சான்செஸ் 1996இல் முழுத் தகுதி பெற்ற வீராங்கனையானார். ஆண் வீரர்கள் தன்னோடு களமிறங்க மறுக்கிறார்கள் என்று சொல்லி 1999இல் விலகினார். காளை அவரைத் தோற்கடிக்கவில்லை. பம்ப்லோனாவில் தெருவெல்லாம் காளைகள் ஓடும் சான் ஃபெர்மின் திருவிழாவில், 2016இல் பதினெட்டு வயதுப் பெண்ணை ஐந்து ஆண்கள் கூட்டு வன்புணர்வு செய்தார்கள். வன்முறையோ மிரட்டலோ இல்லையே என்பதைப் பிடித்துக்கொண்டு, கீழ் நீதிமன்றம் அதை வன்புணர்வு என்று சொல்ல மறுத்தது. பெண்கள் லட்சக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். 2019இல் உச்ச நீதிமன்றம் வன்புணர்வு என்று தீர்ப்பளித்தது, 2022இல் சட்டமே மாறியது. பெண்ணின் சம்மதம் என்றால் என்ன என்று அந்த நாடு காளைத் திருவிழாவிலிருந்துதான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

நாட்டு மாட்டினம் அழிந்துவிடும் என்பது அடுத்த வாதம். எங்கள் கொங்குச் சீமை வாடிவாசலால் பேர் பெற்ற பூமி அல்ல. சேலம் பக்கம் எருதாட்டம் உண்டு, நாமக்கல் மாவட்டத்தில் அலங்காநத்தத்திலும் குமாரபாளையத்திலும் ஜல்லிக்கட்டு நடக்கிறது. ஆனாலும் காங்கேயம் மாடு இங்கே பிழைத்தது ஏரிலும் கவலையிலும் வண்டியிலும் உழைத்துத்தான். கொறங்காட்டில் மேய்ந்து, அந்தியூரிலும் கண்ணபுரத்திலும் சந்தையில் கைமாறி அது வாழ்ந்தது. கவலைக் கிணற்றுக்கு மோட்டார் வந்தது, உழவுக்கு டிராக்டர் வந்தது, எங்கள் திருச்செங்கோட்டு போர்வெல் லாரிகள் இந்தியா முழுக்கப் பூமியைத் துளைத்தன. எருதுக்கு வேலை போனது இப்படித்தான். மிஞ்சிய மாடுகளைக் காப்பாற்றியது யார்? என் அம்மாயி விடியக்காலம் எழுந்து கட்டுத்தரை கூட்டுவார், தாழியில் தண்ணி காட்டுவார், பருத்திக்கொட்டை ஆட்டுவார், சோளத்தட்டு அறுத்துப் போடுவார். செவலையாகப் பிறந்த கன்று ஆறு மாதத்தில் சாம்பல் நிறமாக மாறுவதை நாள் கணக்கில் சொல்வார். சந்தைக்கு ஓட்டிப்போய் விலை பேசியது மட்டும் அப்புச்சி. மாட்டுக்காரர் என்று ஊர் சொன்னதும் அப்புச்சியைத்தான்.

இனி, தேர்வு. எங்கள் மலைமேல் ஆண்பாதி பெண்பாதியாக நிற்கிறார் அர்த்தநாரீஸ்வரர். அந்தக் கோயிலில் 2015 ஜூன் 23 அன்று, உடன் படித்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார் கோகுல்ராஜ். அவர் தலித், அவள் கவுண்டர் சாதி. அங்கிருந்து கடத்திக் கொன்று பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் போட்டார்கள். 2022 மார்ச் 8 அன்று, மகளிர் தினத்தில், பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை வழங்கப்பட்டது. தமிழ்ப்பெண் சங்க காலத்திலேயே துணையைத் தேர்ந்தாள் என்று பெருமை பேசும் சமூகம், அவள் ஒருவனோடு உட்கார்ந்து பேசினால் கொலை செய்கிறது. மாட்டைப் பிடித்தவனைத் தேர்ந்தால் அது பண்பாடு, மனசுக்குப் பிடித்தவனைத் தேர்ந்தால் அது மானக்கேடு. என் மாணவியின் கேள்விக்கு எங்கள் ஊர் சொன்ன பதில் இது.

சில தோழிகள், பெண்களும் மாடு பிடிக்கட்டுமே என்கிறார்கள். விரும்புகிறவள் பிடிக்கட்டும், தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அதை விடுதலை என்று என்னால் கொண்டாட முடியாது. திமிலைப் பிடித்துத் தொங்கும் நேரம்தான் வீரத்தின் அளவு என்றால், அந்த அளவுகோலை எடுத்து நம் உடம்பிலும் வைத்துப் பார்ப்பதில் நமக்கு என்ன லாபம்? காவிரிக்கு அக்கரையில் ஈரோட்டில் பிறந்த பெரியார், பெண் விடுதலை பெற ஆண்மை என்ற கருத்தே அழிய வேண்டும் என்று எழுதினார். அவர் படத்தைப் போட்டுக்கொண்டே வாடிவாசலில் ஆண்மையை வளர்க்கிறோம். 2024 ஜனவரியில் கீழக்கரையில் அதற்கு அரசே பெரிய அரங்கமும் திறந்துவிட்டது.

நான் கேட்பது சிறியது. மாடு பெண்ணின் உழைப்பில் வளர்ந்தால் அதன் உரிமையும் விற்ற காசும் அவள் பேரில் இருக்கட்டும். களத்துக்கு வரும் பெண்ணின்மேல் கை வைத்தவனை அந்த ஒலிபெருக்கியிலேயே பேர் சொல்லி வெளியேற்றட்டும். கட்டிலும் பீரோவும் அண்டாவும் பரிசாகக் கொடுப்பதை நிறுத்தட்டும். திண்ணையில் ஏறி நிற்கும் பையனைப் பார்த்துச் சேலை கட்டச் சொல்லாதிருக்கட்டும். இவ்வளவையும் செய்தால் ஜல்லிக்கட்டில் என்ன மிஞ்சும் என்று கேட்கிறீர்களா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் எனக்கும் ஆசை.